முகம் அந்தரங்கப் பகுதி அல்ல

ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடும் முறை ஊரறிந்தது. முதலில் அக்னி தீர்த்தக் கடலில் தலை முழுக வேண்டும். பிறகு ஈரத் துணியோடு கோயிலுக்குள் போய், 22 தீர்த்தங்களிலும் வாளியில் இறைத்து ஊற்றும் தண்ணீரில் நனைய வேண்டும். உலர்ந்த உடைக்கு மாறிய பிறகே சந்நிதிக்குப் போக முடியும். வெளியூரிலிருந்து வந்த பெண் எங்கே உடை மாற்றுவாள்? அந்தத் தேவையை நம்பித்தான் கடற்கரையோரக் கட்டண அறைகள் நடக்கின்றன. 2024 டிசம்பரில் அப்படியொரு தனியார் அறையில் ரகசிய கேமரா இருந்ததை, உடை மாற்றப் போன பெண் ஒருவரே கண்டுபிடித்தார். புகார் கொடுக்கப்பட்டது; இரண்டு பேர் கைதானார்கள். செய்தி வெளியான நாட்களில் இந்தக் கரையோரத்துப் பெண்கள் பலரும் தங்கள் நினைவில் இருந்த அறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேமராவைப் பற்றியது மட்டுமல்ல. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு திருட்டைப் பற்றியது. ஒரு பெண்ணின் முகத்தை எடுத்து, அவளுடையதல்லாத உடலில் பொருத்தி, அவள் செய்யாததைச் செய்ததாகக் காட்டும் டீப்ஃபேக் படங்களைப் பற்றியது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. முதலாவதைப் பிடிக்கச் சட்டத்தில் வாசகம் இருக்கிறது. அதே வாசகத்தை இரண்டாவதன் மேல் வைத்துப் பார்த்தால் அது பொருந்தாமல் நழுவுகிறது. ஏன் நழுவுகிறது என்று பார்க்கும்போது, நம் சட்டம் பெண்ணை எந்தக் கண்ணால் பார்த்து வந்திருக்கிறது என்பது தெரிகிறது.

நான் சட்டம் படித்தவள் அல்ல. கதையும் கவிதையும் படித்துப் பழகியவள். ஒரு பிரதியைப் படிக்கும்போது யார் பேசுகிறார், யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார் என்று கேட்பது எங்கள் பழக்கம். சட்டமும் ஒரு பிரதிதானே. அதையும் அப்படியே படித்துப் பார்க்கிறேன்.

உடை மாற்றும் அறையில் கேமரா வைப்பது போன்ற குற்றத்துக்கென்றே இரண்டு பிரிவுகள் உள்ளன. ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. ஒருவருடைய 'அந்தரங்கப் பகுதியின்' படத்தை அவர் சம்மதமில்லாமல் எடுப்பதும் வெளியிடுவதும் அனுப்புவதும் குற்றம் என்கிறது. 3 ஆண்டு வரை சிறை. அந்தரங்கப் பகுதி எது என்றும் அதுவே சொல்லிவிடுகிறது: ஆடையில்லாத அல்லது உள்ளாடை மட்டும் அணிந்த நிலையில் பிறப்புறுப்பு, பிட்டம், பெண்ணின் மார்பு. மற்றொன்று, பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. டெல்லிக் கொடுமைக்குப் பின் வர்மா குழு அறிக்கையைத் தொடர்ந்து 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-சி என்று சேர்க்கப்பட்டதன் மறுவடிவம் அது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பெண் நம்பக்கூடிய இடத்தில், அவளுடைய அந்தரங்கச் செயலைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பரப்புவதும் குற்றம் என்கிறது.

இவை பெண்கள் இயக்கம் போராடிப் பெற்றவை. குறிப்பாக 77ஆம் பிரிவின் விளக்கத்தில் ஒரு நல்ல வரி உண்டு. படமெடுக்கச் சம்மதித்தவள், அதைப் பிறருக்குக் காட்டச் சம்மதித்தவள் ஆகமாட்டாள் என்பது அதன் பொருள். 'நீதானே எடுக்கவிட்டாய்' என்று காலங்காலமாகக் கேட்கப்படும் கேள்விக்குச் சட்டமே சொன்ன பதில் அது. அதைக் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் இந்த இரண்டு பிரிவுகளும் எங்கே நின்று பார்க்கின்றன என்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் ஓர் உடல் வேண்டும். அந்த உடல் உண்மையாகவே அவளுடையதாக இருக்க வேண்டும். 77ஆம் பிரிவுக்கு ஓர் இடமும் வேண்டும், அதாவது சுவரும் கதவும் உள்ள ஓர் அறை. அந்த அறையிலிருந்து இருபது தப்படி தள்ளி, கடலிலிருந்து ஈரச் சேலையோடு எழுந்து வரும் பெண்ணை யாரோ ஒருவர் செல்போனில் படம் பிடித்தால் இந்த இரண்டு பிரிவுகளும் பேசா. அவள் சேலை கட்டியிருக்கிறாள். கடற்கரை பொது இடம். அவளுடைய முகமோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

டீப்ஃபேக் படத்துக்கு அறை கிடையாது. அவள் எங்கும் உடை மாற்றவில்லை. யாரும் ஒளிந்திருந்து பார்க்கவில்லை. கல்லூரி ஆண்டு விழாவிலோ தங்கை கல்யாணத்திலோ எடுத்த ஒரு படம் போதும். முகம் அவளுடையது, கீழே இருப்பது வேறொருத்தியின் உடல், அல்லது எந்தப் பெண்ணுக்கும் சொந்தமில்லாமல் கணினி வரைந்த உடல். இந்தக் கரையோரத்து மாணவிகளோடு ஒருமுறை இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருத்தி கேட்டாள்: "அக்கா, மூஞ்சி என்னோடது, ஒடம்பு என்னோடது இல்ல. அப்ப எதைத் திருடிட்டாங்கன்னு நான் கம்ப்ளைன்ட் எழுதறது?" சட்டக் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி அது. 66-ஈயின்படி அவளுடைய அந்தரங்கப் பகுதி எதுவும் படம் பிடிக்கப்படவில்லை. 77ஆம் பிரிவின்படி அவள் அந்தரங்கச் செயல் எதிலும் ஈடுபடவில்லை. அவளிடமிருந்து எடுக்கப்பட்டது அவள் முகம். சட்டத்தின் பார்வையில் முகம் அந்தரங்கப் பகுதி அல்ல.

2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வைத்துச் செய்த வீடியோ நாடு முழுவதும் பேசப்பட்டது. லிஃப்டுக்குள் நுழையும் ஒரு பெண்; அவ்வளவுதான் காட்சி. நிர்வாணம் ஏதுமில்லை. டெல்லி போலீஸ் வழக்குப் பதிந்து, 2024 ஜனவரியில் ஆந்திராவைச் சேர்ந்த ஓர் இளைஞரைக் கைது செய்தது. ரசிகர் பக்கத்துக்கு ஆள் சேர்க்கவே அதைச் செய்ததாகப் போலீஸ் சொன்னது. வழக்கில் சேர்த்த பிரிவுகளைப் பாருங்கள்: பொய் ஆவணம் புனைவது, அடையாளத் திருட்டு, கூடவே 66-ஈ. கள்ளப் பத்திரம் எழுதுபவனைப் பிடிக்க வைத்திருந்த பிரிவையும், பாஸ்வேர்டு திருடுபவனைப் பிடிக்க வைத்திருந்த பிரிவையும் ஒரு முகத்துக்காக இரவல் வாங்க வேண்டியிருந்தது. நேராகச் சொல்ல ஒரு பிரிவு இருந்திருந்தால் இத்தனை பிரிவுகளைத் தேடியிருக்க வேண்டாம்.

அந்த வீடியோவில் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். முகம் நடிகையுடையது. உடல், பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவருடையது. அவர் தானே வெளியிட்ட வீடியோவில் தலை நீக்கப்பட்டு வேறு தலை வைக்கப்பட்டது. பத்திரிகைகள் நடிகையின் வலியைப் பேசின; அது நியாயம். மற்றவரைப் பற்றி ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொண்டன. டீப்ஃபேக் எப்போதும் இரண்டு பெண்களைத் தொடுகிறது. ஒருத்திக்கு முகம் பறிபோகிறது. இன்னொருத்தி முகமில்லாதவள் ஆகிறாள். நம் வாதத்தில் இருவருக்கும் இடம் வேண்டும்.

'ஆபாசம் என்று வழக்குப் போடலாமே' என்பார்கள். போடலாம், போடுகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67-ஏ பிரிவுகள் இருக்கின்றன. முதல் தடவை குற்றத்துக்கு முறையே 3 ஆண்டு, 5 ஆண்டு வரை சிறை. ஆனால் 67ஆம் பிரிவு யாருக்காகக் கவலைப்படுகிறது? பார்ப்பவர்களின் மனத்தைக் கெடுக்கக்கூடியது எதுவோ அதுவே அதற்கு ஆபாசம். அதாவது அந்த வாக்கியத்தில் பாதிக்கப்பட்டவர், படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். படத்தில் இருப்பவள் அவர் மனத்தைக் கெடுத்த பொருள். 'சம்மதம்' என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. அவள் சம்மதித்திருந்தாலும் குற்றம்தான். சம்மதிக்காவிட்டாலும் அதே குற்றம்தான். பெண்ணின் கேள்விக்கு நேர் எதிரான இடத்தில் நிற்கும் சட்டம் இது. ஆபாசமே இல்லாத போலியை இது தொடவும் தொடாது. தலையில் முக்காடிட்டு வளர்ந்த ஒரு பெண்ணின் முகத்தை வைத்து, முக்காடில்லாமல் யாரோ ஒருவனோடு பைக்கில் போவதாகப் படம் செய்தால் அதில் ஆபாசம் எங்கே? ஆனால் அந்தப் படம் வந்த மறுநாள் அவள் படிப்பு நின்றுபோகலாம். எந்தப் படம் ஒரு பெண்ணை அழிக்கும் என்பதை அவள் வாழும் தெரு தீர்மானிக்கிறது. சட்டத்தின் ஆபாச அளவுகோல் அந்தத் தெருவை அறியாது.

உடலையும் மானத்தையும் விட்டுவிட்டு, முகத்தையே நேராகப் பேசும் சட்ட வழக்கு ஒன்று நம்மிடம் உண்டு. 'ஆளுமை உரிமை' என்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் அதைத் தெளிவாகச் சொன்னது. 'மே ஹூம் ரஜினிகாந்த்' என்ற இந்திப் படத்துக்கு எதிரான வழக்கு அது. பெயர், தோற்றம், பேசும் பாணி, சாயல் ஆகியவற்றை அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. அதே தீர்ப்பு, பிரபலம் என்ற நிலையை எட்டியவர்களுக்கே இந்த உரிமை சேரும் என்றும் சொன்னது. பின்னால் அமிதாப் பச்சன் 2022இல், அனில் கபூர் 2023இல், ஐஸ்வர்யா ராய் 2025இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இத்தகைய உத்தரவுகளைப் பெற்றார்கள். கடைசி இரண்டிலும் செயற்கை நுண்ணறிவால் செய்த போலிகளும் அடக்கம். அவர்கள் பெற்றதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தர்க்கத்தைப் பாருங்கள். முகத்துக்குச் சந்தையில் விலை இருந்தால் அது சொத்து; திருடினால் நஷ்டம். விலை இல்லாத முகத்தைத் திருடினால் என்ன நஷ்டம் என்று கணக்குப் பார்க்க இந்த வழக்குமுறைக்குத் தெரியவில்லை.

ஆக, நம் சட்டத்தில் முகத்துக்கு இரண்டு வாசல்கள். புகழ் இருந்தால் சொத்து என்ற வாசல். பெண்ணாக இருந்தால் மானம் என்ற வாசல். புகழும் இல்லாமல், மானத்தின் பெயரால் பேசவும் விரும்பாமல், 'இது என் முகம், என்னைக் கேட்காமல் எடுக்காதே' என்று மட்டும் சொல்லும் பெண் எந்த வாசலில் நிற்பாள்?

மூன்றாவது வாசல் ஒன்று ஏற்கெனவே திறக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அதுவும் தமிழ்நாட்டு வழக்கில்தான். ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முனைந்தது. அதில் அதிகாரிகள் சிலரின் தொடர்பு அம்பலமாகும் என்ற நிலையில், சிறைத் துறை அதை நிறுத்தப் பார்த்தது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் பக்கம் நின்றது. ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்தத் தீர்ப்பு, அந்தரங்க உரிமையை விளக்கும்போது ஒன்றைச் சொல்கிறது: ஒருவருடைய பெயரையோ சாயலையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கோ வேறு நோக்கத்துக்கோ பயன்படுத்துவது அந்த உரிமையை மீறுவதாகும். விளம்பரம் அல்லாத நோக்கமும் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். அதற்குப் புகழ் தேவையில்லை, விலை தேவையில்லை. 'ஒருவர்' என்றால் யாராகவும் இருக்கலாம். பாசி எடுக்கப் போகும் பெண்ணாகவும் இருக்கலாம். 2017இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றே அறிவித்தது. தன் உருவம் உலகுக்கு எப்படிக் காட்டப்படுகிறது என்பதில் ஒவ்வொருவருக்கும் பிடி இருக்க வேண்டும் என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் ஒரு நீதிபதியின் பகுதியில் உண்டு.

அந்த 1994 தீர்ப்பையும் பெண் கண்ணோடு படித்தால் ஓரிடம் இடறுகிறது. நீதிமன்ற ஆவணத்தில் உள்ளதை யாரும் வெளியிடலாம் என்ற பொது விதிக்கு அது விலக்குத் தருகிறது. பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயர் வெளியாகக் கூடாது. சரியான முடிவு. ஆனால் அதற்கு அது தரும் காரணம் பொது நாகரிகம். எல்லோருக்கும் உரிமை என்று பேசிவந்த தீர்ப்பு, பெண்ணிடம் வந்ததும் ஊரின் நாகரிகத்தைப் பேசுகிறது. அவளுடைய உரிமை என்பதே போதுமான காரணமாக இருந்திருக்கும்.

சட்டம் மட்டும் இப்படி நினைப்பதில்லை. எங்கள் மாவட்டத்தின் தெருக்களைப் பாருங்கள். தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்துத் தெருவும் இதைத்தான் காட்டும். பூப்புனித நீராட்டு விழா என்று ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகம் பேருந்து நிறுத்தத்தில் ஆளுயரத்துக்கு நிற்கிறது. தாய்மாமன்கள் வரிசையாகக் கைகூப்புகிறார்கள். அவளுடைய உடலுக்குள் நடந்த ஒன்றை ஊருக்கு அறிவிக்க அவள் சம்மதித்தாளா என்று யாரும் கேட்பதில்லை. அதே பிள்ளை நான்கு வருடம் கழித்து வாட்ஸ்ஆப்பில் தன் படத்தைத் தானே வைத்தால் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு டிபி?" என்று அண்ணன் கேட்கிறான். உள்ளாட்சியில் பெண் தலைவர் ஜெயித்தால் சுவரொட்டியில் கணவர் படம் பெரிதாகவும் அவர் படம் சின்னதாகவும் வருகிறது. பெண்ணின் முகம் எப்போது தெரிய வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்பதைக் குடும்பம் தீர்மானிக்கிறது. சம்மதம் என்ற பேச்சு இரண்டு இடத்திலும் இல்லை. போலிப்படம் செய்பவன் இந்த ஏற்பாட்டைப் புதிதாக உருவாக்கவில்லை. பெண்ணின் முகம் அவளைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக்கூடியது என்ற பாடத்தை அவன் வீட்டிலேயே படித்துவிட்டான்.

இந்தக் கரையின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் உலகத்துக்கு அறிமுகமானவர்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருதைப் பெற்றார். சேலைக்கு மேல் சட்டை, கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, தோளில் பை. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் தேடி மூழ்கி எழும் அந்த உருவத்தைப் படம் பிடிக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அவற்றுள் அக்கறையோடு எடுத்த படங்கள் உண்டு. அந்தப் பெண்களின் உழைப்பும் வனத்துறைக் கெடுபிடியும் வெளியே தெரிந்ததற்கு அந்தப் படங்களும் காரணம். ஆனால் ஒரு படம் வெளியே போனபிறகு அது எந்த நாட்காட்டிக்குப் போகிறது, எந்த நிறுவனத்தின் அறிக்கைக்குப் போகிறது, எந்தக் கணினிக்குப் பாடமாகிறது என்று படத்தில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. ஒளிப்படத்தின் காப்புரிமை எடுத்தவருக்கோ அவரை அமர்த்தியவருக்கோ போகிறது. படத்தில் உள்ள முகத்துக்குரியவருக்கு அதில் பங்கில்லை.

அப்படியானால் முகத்தை அவரவர் சொத்தாக்கிவிட்டால் தீர்ந்ததா? டென்மார்க் அரசு 2025இல் அந்தத் திசையில் ஒரு மசோதாவை முன்வைத்தது. ஒவ்வொருவருக்கும் தன் உடல், முகம், குரல் மீது காப்புரிமைச் சட்டத்தின் வழியே உரிமை என்பது அதன் சாரம். புகழ் இல்லாதவரையும் சேர்த்ததால் ரஜினி தீர்ப்பின் எல்லையை அது தாண்டுகிறது. அந்த அளவில் வரவேற்கலாம். ஆனால் சொத்து என்று சொல்லிவிட்டால், சொத்தை விற்கலாம் என்பதும் கூடவே வருகிறது. 2023இல் அமெரிக்க நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூட்டத்தில் ஒருவராக நிற்கும் துணை நடிகரின் உடலையும் முகத்தையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளும் பிரச்சினை அதில் முக்கியமானது. ஒரு நாள் கூலிக்கு வந்தவரின் முகத்தை என்றென்றைக்கும் எழுதி வாங்க முடியும் என்றால், உரிமை என்பது கையெழுத்துப் போடும்வரைதான். கடன் பத்திரங்களில் பெண்களின் கைநாட்டு எப்படி வாங்கப்பட்டது என்பதை அறிந்த ஊர் இது. முகத்தையும் பத்திரத்தில் ஏற்றினால் அதே கதைதான் நடக்கும்.

ஆகவே நான் கேட்பது விற்கக்கூடிய சொத்துரிமை அல்ல. கைமாறாத சம்மத உரிமை. இந்தப் படம், இந்தப் பயன்பாடு, இந்தக் காலம் என்று வரையறுத்துத் தரக்கூடியது. தந்ததைத் திரும்பப் பெறக்கூடியது. தந்தையோ கணவரோ அவளுக்குப் பதிலாகத் தர முடியாதது. என் சாயலில் நான் செய்யாததை நான் செய்ததாக நம்பும்படி காட்டினால் அதுவே குற்றம் என்று சட்டம் சொல்ல வேண்டும். அது ஆபாசமா, என் மானம் போனதா, எனக்கு எத்தனை ரூபாய் நஷ்டம் என்ற கேள்விகள் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கட்டும். குற்றமா என்பதைத் தீர்மானிக்க வேண்டாம்.

இதற்கு நியாயமான ஓர் எதிர்ப்பு உண்டு. சாயலுக்கு இவ்வளவு காவல் போட்டால் அமைச்சரைக் கேலிச்சித்திரம் வரைபவரும் மாட்டிக்கொள்வாரே? மாட்டிக்கொள்வார், கவனமில்லாமல் எழுதினால். அதிகாரத்தில் இருப்பவர்கள் தங்கள் முகத்துக்கு வேலி போட எப்போதும் தயார். ராஜகோபால் வழக்கு பிறந்ததே, அதிகாரிகளின் பெயரைக் காப்பாற்ற ஒரு பத்திரிகையின் வாயை அடைக்கப் பார்த்ததால். அந்தத் தீர்ப்பு எல்லையையும் வகுத்தது: அரசு அதிகாரிகள் தங்கள் அலுவல் தொடர்பான செயல்களுக்கு இந்த உரிமையைக் கேடயமாக்க முடியாது. நையாண்டி, செய்தி, விமர்சனம் ஆகியவற்றுக்குத் திறந்த இடம் வேண்டும். நையாண்டி தன்னை நையாண்டி என்று மறைப்பதில்லை. போலி, தன்னை உண்மை என்று நம்பவைக்கிறது. அந்த வேறுபாட்டைச் சட்ட மொழியில் எழுத முடியும்.

தேடினால் அதற்கான விதை நம் விதிகளிலேயே கிடைக்கிறது. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 3(2)(பி) என்ற ஒன்று இருக்கிறது. ஒருவரின் அந்தரங்கப் பகுதியையோ பாலியல் செயலையோ காட்டும் படத்தோடு, அவரைப் போல ஆள்மாறாட்டம் செய்யும் படத்தையும், செயற்கையாக உருமாற்றப்பட்ட படத்தையும் அது சேர்த்துக்கொள்கிறது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ புகார் தந்தால் தளங்கள் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றது. 2026 பிப்ரவரித் திருத்தம் அந்தக் கெடுவை 2 மணி நேரமாகக் குறைத்திருக்கிறது. பிரபலமாக இருக்க வேண்டும் என்றோ, மானம் போயிருக்க வேண்டும் என்றோ இந்த விதி கேட்கவில்லை. நான் தேடிய வாசகத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஆனால் இது தளங்களுக்கு இட்ட கட்டளை. பெண்ணுக்குத் தந்த உரிமை அல்ல. செய்தவனைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை. ஓரிடத்தில் நீக்கியது பத்து இடத்தில் முளைத்தால் பத்துத் தடவை அவளே ஓட வேண்டும்.

அந்த ஓட்டம் எப்படி இருக்கும் என்பதை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு காட்டியது. வழக்கறிஞரான ஒரு பெண்ணின் அந்தரங்கக் காட்சிகள் இணையத்தில் பரவின. அவை போலி அல்ல, அவருக்குத் தெரியாமல் எடுத்தவை. 48 மணி நேரத்தில் நீக்கும்படி நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டார். விசாரணையில் தெரியவந்தவை: முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது, ஆண் காவலர்கள் முன்னிலையில் அந்தக் காட்சிகளை அவர் அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. நீதிபதி இதைக் கண்டித்தார். சட்டம் தெரிந்த ஒருவருக்கே நிலைமை இது என்றால், ராமநாதபுரம் சைபர் பிரிவுக்குத் தொண்டியிலிருந்தோ ஏர்வாடியிலிருந்தோ பேருந்து ஏறி வரும் பெண் என்ன துணிச்சலில் வருவாள்? அவள் கையில் இருப்பது அவளுடைய உடலே இல்லாத ஒரு படம். 'இது நான் இல்லை' என்று நிரூபிக்கும் வேலையும் அவள் தலையில்தான். புகாரை எழுதப் பெண் காவலர், பெயரை மறைத்தல், போலி என்று காட்டும் பொறுப்பை விசாரிப்பவர்மேல் வைத்தல் ஆகிய மூன்றும் சட்டத்தில் இல்லாமல் எந்த உரிமையும் கடைசி மைலைத் தாண்டாது.

அதுவரைக்கும் என்ன செய்வது என்று கேட்கும் தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியவை சில. அப்படியொன்று வந்தால் பதறி அழிக்காதீர்கள். இணைப்பு முகவரி, தேதி, அனுப்பியவர் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். 3(2)(பி) விதியின்படி உங்களுக்காக உங்கள் தோழியும் தளத்தில் புகார் செய்யலாம். தனியாக உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவை, படத்தை வாங்காமலே, உங்கள் போனிலேயே அதற்கு ஒரு ரேகை எண் உண்டாக்கி, பங்கேற்கும் தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவுகிறது.

'படமே போடாதே' என்பதை மட்டும் நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ஊர் அதைத்தான் சொல்கிறது. கேமரா பிடிபட்டால் 'அந்த அறைக்கு ஏன் போனாள்', போலிப்படம் வந்தால் 'போட்டோவை ஏன் போட்டாள்'. படிப்பில் முதலிடம் வாங்கியவள், போராட்டத்தில் முன்னால் நிற்பவள், கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவள், இவர்கள் எல்லோருடைய முகமும் ஊர் பார்க்க வெளியே இருக்க வேண்டும். எங்கே, எப்படி, எதுவரை என்பதை மட்டும் அவரவரே சொல்ல வேண்டும்.